வளையலைக் கழட்டச் சொன்ன குரல்

சுகன்யாவின் வளைகாப்பன்று மத்தியானம், பந்தி முடிந்து, வாசலில் பந்தல்காரர்கள் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நம் வீட்டு உள் அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான். சாமி அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, மிச்சமான கண்ணாடி வளையல்களை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்த நான். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த உன் மனைவி சுகன்யா. அவள் பக்கத்தில் சீர்ப்புடவையை மடித்துக்கொண்டிருந்த அவளுடைய அண்ணி மாலதி. ஜன்னல் ஓரத்து நாற்காலியில், வாதம் அடித்த வலது கையை மடியில் கிடத்திக்கொண்டு உன் அப்பா. நிலைப்படியில் சாய்ந்து, கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நீ. வேறு யாரும் இல்லை. மாலதியின் வீட்டுக்காரர்கூட வாடகைப் பாத்திரத்தை வண்டியில் ஏற்ற வெளியே போயிருந்தார். யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நாளைக்கு நீ, 'யாரோ ஏதோ சொல்லி அம்மா மனசைக் கெடுத்துட்டாங்க' என்று சொல்லிவிடக் கூடாது. யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. என் காதால் கேட்டேன். என் கண்ணால் பார்த்தேன்.

போனில் பேசலாம் என்றுதான் இரண்டு நாள் பார்த்தேன். நான் ஆரம்பிப்பேன், நீ "மீட்டிங்ல இருக்கேம்மா" என்பாய். இல்லாவிட்டால் சிரிப்பாய். உன் சிரிப்புக்கு எதிரே என்னால் பேச முடியாது, அது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நீ ஒன்றாம் வகுப்பு படித்தபோது உன் புத்தகத்தை வைத்து நானும் எழுத்துக் கூட்டினேன். அன்றைக்கு ஆரம்பித்து, மளிகைக்கும் பாலுக்கும் சாமிக்கு வாங்கிய பூவுக்கும் நாள் தவறாமல் எழுதி எழுதி வந்த கை இது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதத்தான் இந்தக் கைக்குத் தெரியும். பூசி எழுத வராது. பொறுமையாகக் கடைசிவரை படி.

காலையிலிருந்தே எனக்கு மனசு சரியில்லை. வளையல் அடுக்கும்போது முதல் வளையல் நான்தானே போட்டேன். சந்தனம் தடவி, சுகன்யாவின் இடது மணிக்கட்டைப் பிடித்தேன். சுள்ளென்று கையை இழுத்துக்கொண்டாள். "இன்னாம்மா, சைஸ் சின்னதா பூடுச்சா?" என்று கேட்டேன். "இல்ல அத்தை. போன வாரம் வாஷிங் மெஷின் மூடி கைமேல வுழுந்துடுச்சி" என்றாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அவரவர் வீட்டு வாஷிங் மெஷினைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பதில்தான் உறுத்தியது. பதில் அவ்வளவு வேகமாக வந்தது. கேட்டு முடிப்பதற்குள் வந்தது. நிஜமாகவே அடிபட்டவள் கொஞ்சம் யோசிப்பாள், எங்கே, எப்போது, எப்படி என்று. தயாராக வைத்திருப்பவளுக்குத்தான் யோசிக்க வேண்டியதில்லை. நான் இருபது வருஷத்துக்கு மேல் அப்படித் தயாராக வைத்திருந்தவள். குழாயடியில் வழுக்கியது, கதவு இடித்தது, மாடு முட்டியது. நம்மிடம் மாடே கிடையாது என்பதுகூட அன்றைக்கு யாருக்கும் தோன்றியதில்லை.

சரி, உள் அறைக்கு வருகிறேன். மாலதி புடவையை மடித்துக்கொண்டே, "கீழ்பென்னாத்தூர்ல ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போயேன் சுகன்யா, உங்க அண்ணனும் ஆசப்படறாரு" என்றாள். சுகன்யா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "நெஜமாவா அண்ணி? இன்னைக்கே உங்ககூட வந்துடட்டா?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் நீ நிலைப்படியில் நிற்பதைப் பார்த்தாள். நீ கோபப்படவில்லை. குரல்கூட உயரவில்லை. சிரித்த முகமாகவே இருந்தாய். சாவியைச் சுழற்றுவதை மட்டும் நிறுத்தினாய். "அப்படியா? சரி, பக்கத்து ரூமுக்கு வா, பேசலாம்" என்றாய். அப்புறம், ஏதோ செருப்பை வெளியே விட்டு வா என்று சொல்வதுபோல, மெதுவாகச் சொன்னாய்: "வளையல கழட்டி வெச்சிட்டு வா."

மாலதி சிரித்துவிட்டாள். "இன்னாண்ணா நீங்க! வளகாப்பு வளையல கொழந்த பொறக்கற வரைக்கும் கழட்டக் கூடாதுண்ணா. இதுகூட தெரியாம பி.இ. படிச்சிட்டீங்களா?" என்று கேலி செய்தாள். பாவம், அவளுக்கு அது ஒன்றும் தெரியாத ஆம்பளை பேசும் பேச்சாகத்தான் பட்டது. ஆனால் சுகன்யா சிரிக்கவில்லை. மறுத்தும் பேசவில்லை. அவள் வலது கை தானாக இடது கைக்குப் போனது. விரல்களைக் குவித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, முதல் வளையலைக் கழட்டினாள். கட்டில்மேல் சத்தம் வராமல் வைத்தாள். இரண்டாவதைக் கழட்டினாள். ஏன் என்று கேட்காத கை அது. பழகிய கை. அப்போது உன் அப்பா தலையைத் தூக்கினார். மூன்று வருஷமாக யார் வந்தாலும் போனாலும் சரியாக நிமிர்ந்து பார்க்காத மனுஷர். உன்னைப் பார்க்கவில்லை, சுகன்யாவையும் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

அந்த வார்த்தை உன்னுடையது இல்லை. அதை நீ எங்கே எடுத்தாய் என்பது அந்த அறையில் எனக்கும் உன் அப்பாவுக்கும் தெரியும். உனக்குத் தெரியுமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை நீ மறந்திருக்கலாம், வாய் மட்டும் மறக்காமல் இருந்திருக்கலாம். அதனால் ஆதியிலிருந்து சொல்கிறேன். உனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததில் யாருக்கும் நன்மை நடக்கவில்லை.

செங்கம் ரோட்டுக்குப் பின்னால் நாம் இருந்த ஒற்றை அறை உனக்கு ஞாபகம் இருக்கும். முன்பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் மாடி வீடு, பின்பக்கம் ஷீட் போட்ட நம் அறை. குழாயடி பொது. உன் அப்பா வேன் ஓட்டினார். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களில் நெல் மூட்டையும் மல்லாட்டை மூட்டையும் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவது வேலை. அறுப்புக் காலத்தில் சோறு உண்டு, மற்ற மாதங்களில் கஞ்சி. நான் வீட்டிலேயே மல்லாட்டை ஓட்டை உடைத்துக் கடலை உரித்துக் கொடுப்பேன். நகக்கண் வீங்கிப்போகும். மழைக்காலத்தில் நீ மூட்டைமேல் தூங்குவாய், தரை ஓதம் ஏறிவிடும் என்று. பசி என்றால் பசி. ஆனால் பசியைப் பற்றி நான் இன்றைக்கும் பயந்து நினைப்பதில்லை. பசிக்கு ஒரு நேரம் உண்டு, வரும், போகும். வேன் ஹாரனைத்தான் இன்றைக்கும் பயந்து நினைக்கிறேன்.

ஊரில் எல்லாரும் அடிக்கிறவன் குடிகாரன் என்றுதான் நினைக்கிறார்கள். உன் அப்பா ஒரு சொட்டுக் குடித்தவர் இல்லை. பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுவார், செருப்பில்லாமல். நெற்றியில் திருநீறு அழியாது. அதனால் எனக்குச் சொல்லிக்கொள்ளவும் வழி இல்லாமல் போனது. "குடிச்சிட்டு அடிக்கறான்" என்றால் நாலு பேர் இரக்கப்படுவார்கள். நிதானமாக அடிக்கிறார் என்றால், "நீ இன்னா பண்ண?" என்றுதான் கேட்பார்கள். கேட்டார்கள். குழம்பில் உப்பு ஜாஸ்தி, துணி காயவில்லை, மாடி வீட்டு அம்மாவிடம் நின்று பேசினேன், பேசும்போது சிரித்தேன். காரணம் எது வேண்டுமானாலும் இருக்கும்.

கல்யாணமான புதிதில் ஒரு தரம் அடித்தபோது என் கை வளையல் உடைந்து அவர் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் லோடு போயிற்று. அதைவிட, சுமங்கலி கையில் வளையல் உடைந்தால் புருஷனுக்கு ஆகாது என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கோவிலுக்குப் போய் எனக்காக இல்லை, அந்த உடைந்த வளையலுக்காக அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். அன்றைக்கு ஆரம்பித்த வழக்கம். உள்ளே வருவார், சட்டையைக் கழட்டி ஆணியில் மாட்டுவார், "வளையல கழட்டி வெச்சிட்டு வா" என்பார். சாந்தமாகத்தான் சொல்வார். வெறும் கையாக இருப்பது ஆகாது என்று, மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளச் சொன்னதும் அவர்தான். சாஸ்திரத்தில் ஒரு குறை வைக்க மாட்டார்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். நீ நடக்க ஆரம்பித்து, பேச ஆரம்பித்த பிறகு, உன்னை எங்கே அனுப்புவது என்பதுதான் என் கவலையாக இருந்தது. இருப்பது ஒரே அறை. ஒருநாள் கழட்டிய வளையலை உன் கையில் கொடுத்து, "கண்ணு, குழாயண்ட போய் செகப்பு தனியா, பச்ச தனியா பிரிச்சி வெய்டா. அம்மா வந்து பாக்கறேன்" என்றேன். நீ சந்தோஷமாக ஓடினாய். குழாயடி மேடையில் குந்தி, ஒவ்வொன்றாக அடுக்கினாய். உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அடுக்கி முடித்ததும் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து, "அம்மா, போட்டுக்கோ" என்பாய். நான் முகம் கழுவிவிட்டுப் போட்டுக்கொள்வேன். எவ்வளவு சாமர்த்தியமாகப் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. அண்ணாமலையாரே அந்த யோசனையைக் கொடுத்தார் என்று நம்பினேன்.

உனக்கு ஐந்து வயது இருக்கும். ஒரு சாயந்திரம் தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. அவர் இன்னும் வண்டியைக்கூட நிறுத்தவில்லை. கோபமாக வருகிறாரா, சும்மா வருகிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. நீ விளையாட்டை விட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றாய். இரண்டு கையையும் நீட்டினாய். "அம்மா, வளையல் குடு" என்றாய். அழவில்லை, பயப்படவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குத் தட்டை நீட்டுவதுபோல நீட்டினாய்.  நான் என்ன செய்தேன் தெரியுமா? கழட்டிக் கொடுத்தேன். அன்றைக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கமாக ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஒரு பொம்பளை கையில் இருந்து வளையல் இறங்குவது சாயங்கால வேலைகளில் ஒன்று என்று உனக்குக் கற்றுக்கொடுத்தது உன் அப்பா மட்டும் இல்லை.

ஓடிப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. நீ வயிற்றில் ஏழு மாதம். எனக்கும் வளைகாப்பு ஆகி அம்மா வீட்டுக்குப் போனேன். இனிமேல் திரும்பிப் போக மாட்டேன் என்று என் அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த என் அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஆம்பள கை நீட்டறது புதுசா? நீ வாய மூடிக்கினு இருந்தா அவன் ஏன் அடிக்கறான்?" என்றார். என் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கொழந்த பொறந்தா சரியாப் பூடும்டி" என்றாள். அவள் சொன்னதை நானும் நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது. நீ பிறந்தாய். தொண்ணூறாம் நாள், அரை மூட்டை மல்லாட்டையோடும் உன்னோடும் என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அந்த பஸ் பயணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஊர் நெருங்க நெருங்க, மலை பெரிதாகப் பெரிதாக, நான் ஒவ்வொரு வளையலாகக் கழட்டி மூட்டைக்குள் போட்டுக்கொண்டே வந்தேன். அவர் சொல்வதற்கு முன்னாலேயே.

நீ பத்தாவது படித்தபோது ஒருநாள் உன் அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினாயே, அதை நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்! "எம் புள்ள என்ன காப்பாத்திட்டான்" என்று. அன்று நீ பேசியதை இப்போது திரும்ப யோசித்துப் பார்க்கிறேன். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது, 'அம்மாவ அடிக்காத' என்று இல்லை. "வெளில ஆளுங்க நிக்கறாங்கப்பா. அசிங்கமா இருக்குது" என்றாய். அதற்கு அப்புறம் எழுந்து போய் ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்தாய். எனக்கு அப்போது பாதிதான் காதில் விழுந்தது. வேண்டிய பாதி மட்டும்.

போன ஆடி மாதம் சென்னையில் உன் வீட்டில் வந்து பத்து நாள் தங்கினேன் இல்லையா? எட்டாவது மாடி, காற்று நன்றாக வருகிறது, குளியலறையில் சுடுதண்ணீர். உன் முதல் சம்பளத்தில் எனக்கு மிக்சி வாங்கிக் கொடுத்தவன் நீ. எங்கள் இரண்டு பேரையும் அந்த ஷீட் அறையிலிருந்து கூட்டி வந்து இந்த வீட்டில் குடிவைத்தவன் நீ. பசியைத் தாண்டி வந்தவன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, கோவிலில் நிற்கும்போதெல்லாம் அதற்காகக் கும்பிடுகிறேன். ஆனால் அந்தப் பத்து நாளில் சுகன்யா கையில் ஒரு கண்ணாடி வளையலைக்கூட நான் பார்க்கவில்லை. கேட்டேன். "லேப்டாப்ல இடிச்சி சத்தம் வருது அத்தை" என்றாள். டீ போடலாமா என்று உன்னைக் கேட்டுவிட்டுத்தான் போடுகிறாள். லிஃப்ட் சத்தம் கேட்டால் சோபாவிலிருந்து எழுந்துவிடுகிறாள். ஒருநாள் சுகன்யாவோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வதற்கு முன்னால், நீ டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டுப் போனாய். பார்ப்பதற்கு யாரும் இல்லாத டிவி. நான் சமையலறையில் நின்றுகொண்டு கீரை ஆய்ந்தேன். மாமியார் குறுக்கே போகக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீரையை இரண்டு தரம் ஆய்ந்தேன்.

வளைகாப்பன்று அப்படி இருக்க முடியவில்லை. சுகன்யா மூன்றாவது வளையலில் கை வைத்தபோது நான் எழுந்துவிட்டேன். "சுகன்யா, இங்க வா, சாமி வெளக்கு மங்குது, எண்ண ஊத்து" என்று கூப்பிட்டேன். வந்தாள். கழட்டிய இரண்டையும் நானே திரும்பப் போட்டுவிட்டேன். அப்புறம் சொன்னேன், பிரசவம் வரைக்கும் இவள் இங்கேதான் இருப்பாள் என்று. நீ அப்போதும் சிரித்தாய். "வளகாப்பு ஆனா அவங்க அம்மா வூட்டுக்கு அனுப்பணும், அதான வழக்கம்? அவளுக்குதான் அம்மா இல்லியே. அப்ப எங்கூடதான வரணும்?" என்றாய். "நான் இருக்கறேன்" என்றேன். "நீ யாருக்கும்மா அம்மா?" என்று கேட்டாய். மாலதி எதிரில் நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உனக்குத்தான் அம்மா. அதனால்தான் அவளை வைத்துக்கொண்டேன். நீ யாரையும் அடிக்காமல் இருக்கும் நாள்கள் கொஞ்சமாவது இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

நீ சாயந்திரம் காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாய். வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறாய். தினமும் கூப்பிடுகிறாய். நீ என்ன பேசுகிறாய் என்று எனக்குத் தெரியாது, அவள் "ம்", "சரி", "இல்லங்க" என்பதற்கு மேல் எதுவும் பேசுவதில்லை. ஆனால் உன் பெயர் போனில் வந்ததும், வளையல் குலுங்காமல் இருக்க ஒரு கையால் மறு கையை அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள். நூறு மைல் தூரத்தில் நீ இருக்கிறாய். நேற்று உன் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் போனில் பேசுவதை அவரும் பார்த்துக்கொண்டே இருந்தார். கோணிய வாயால், கஞ்சி வழிய, ரொம்ப நாளைக்கப்புறம் தெளிவாக ஒரு வார்த்தை பேசினார். "எம் புள்ளடி" என்றார். சிரித்தார். அவர் அடிப்பதை நிறுத்தியது மனசு திருந்தியதால் இல்லை, கை தூக்க முடியாமல் போனதால்தான் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது. நேற்று சந்தேகம் தீர்ந்துவிட்டது. வந்து பார்க்கிறவர்கள் எல்லாம், "பெரியவரு சாமி மாதிரி ஒக்காந்துங்கீறாரு" என்கிறார்கள். அந்த நாற்காலி உனக்காகக் காத்துக்கொண்டிருப்பதுபோல எனக்குத் தெரிகிறது. உன் பிள்ளையும் ஒருநாள் அந்த வார்த்தையைச் சொல்ல, நீ அதில் உட்கார்ந்து அப்படியே தலையைத் தூக்கிச் சிரிப்பாயோ என்று தோன்றுகிறது.

உன்னைப் பார்த்து நாலு பேர் புத்தி சொல்வார்கள், புருஷன் பெண்டாட்டி என்றால் சண்டை சகஜம், நம் அண்ணாமலையாரும் அம்மனுமே தை மாதத்தில் ஊடல் தெருவில் சண்டை போட்டுக்கொள்ளவில்லையா என்று. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நீ சின்ன வயதில் என் இடுப்பில் உட்கார்ந்து அந்தத் திருவூடலைப் பார்த்திருக்கிறாய். நன்றாக ஞாபகப்படுத்திப் பார். கோபித்துக்கொண்டு கோவிலுக்குள் போகிறவள் அம்மன். கதவைச் சாத்துகிறவளும் அவள்தான். வெளியே நிற்பது சுவாமி. ராத்திரி கோவிலுக்குள் இடமில்லாமல் வேறு கோவிலில் தங்கி, மறுநாள் மலையையே சுற்றி வந்த பிறகுதான் அவருக்குக் கதவு திறக்கிறது. அம்மனை யாராவது மல்லாட்டை மூட்டையோடு திருப்பி அனுப்பினார்களா? 'நீ இன்னா பண்ண' என்று கேட்டார்களா? வருஷா வருஷம் கூட்டத்தில் இடிபட்டுப் பார்த்த எனக்கே இது இப்போதுதான் உறைக்கிறது. பெரிய சுவாமியே வெளியில் நிற்கிற ஊர் இது. நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வாசலில் நின்றால் குறைந்துவிட மாட்டாய்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சுகன்யா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. "அத்தை, நான் ஞாயித்துக்கெழம போயிட்றேன். அவரு ரொம்ப கோவமா கீறாரு. லேட் ஆக ஆக ஜாஸ்தியாப் பூடும்" என்றாள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். அவளே, "கொழந்த பொறந்தா சரியாயிடுவாரு அத்தை" என்றாள். என் பேனா அப்படியே நின்றுவிட்டது. அதே வார்த்தை. அவளுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவளுக்கு அம்மாகூட இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே வருகிறது போல. "எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. கொழந்த பொறந்துது. இப்ப அதுக்குதான் எழுதிக்கினு இருக்கறேன்" என்றேன்.  அவள் எழுந்து உள்ளே போனாள். இப்போது உள்ளே பெட்டி ஜிப் இழுக்கும் சத்தம் கேட்கிறது. துணியை எடுத்து வைக்கிறாளா, வெளியே எடுக்கிறாளா என்று தெரியவில்லை. போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவளை நான் கட்டிப்போட முடியாது. போகிறேன் என்று அவள் சொன்னால் என்னால் என்ன செய்ய முடியும்? அதனால் உன்னிடம் வருகிறேன். நான் நீதிபதி இல்லை, உன்னை விட்டுக்கொடுக்கவும் என்னால் ஆகாது. நீ கெட்டவன் என்று எழுதுவதற்காக இதை எழுதவில்லை. குழாயடியில் குந்தி வளையல் பிரித்த குழந்தைக்கு என்ன ஆகும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. உனக்கு உன்னைப் பார்த்து பயமாக இருந்தால், அதையும் எழுது. யாருக்கென்று சொல்லாமல் போனில் கேட்டேன், சென்னையில் இதற்கெல்லாம் உட்கார வைத்துப் பேசும் டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று மாலதி சொன்னாள். போவதானால் நானும் கூட வருகிறேன், உன் அப்பாவை யாரிடமாவது விட்டுவிட்டு வருகிறேன். ஆனால் நீ ஒன்றுமே நடக்காததுபோல ஞாயிற்றுக்கிழமை வந்து, சிரித்துக்கொண்டே ஹாரன் அடித்தால், நான் சுகன்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்கு நடப்பேன். ஊர் என்ன சொல்லும் என்று யோசித்துவிட்டேன். பெற்ற தாயே மகனைக் காட்டிக்கொடுத்தாள் என்று சொல்லும். சொல்லட்டும்.

நான் கேட்பது இதுதான். நீ சுகன்யாவை அடிக்கிறாயா? எப்போதிருந்து? காரணம் எழுத வேண்டாம், காரணங்கள் எனக்குத் தெரியும். அவள் அங்கே வந்தால் அவளும் பிள்ளையும் பத்திரமாக இருப்பார்கள் என்று உன்னால் உன் கைப்பட எழுதித் தர முடியுமா, முடியாதா? முடியாது என்றால் முடியாது என்றே எழுது, அதற்கு நான் உன்னைக் கோபித்துக்கொள்ள மாட்டேன். போனில் சொல்லாதே, சுகன்யாவிடம் சொல்லி அனுப்பாதே. இந்தக் கடிதம் புதன்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள். நீ வியாழக்கிழமை போட்டால் எனக்குச் சனிக்கிழமை கிடைக்கும். சனிக்கிழமை தபால்காரர் வரும்வரை நான் வாசலிலேயே இருப்பேன். பதில் எழுது, சீக்கிரம்.

அம்மா